இரண்டாம் சரணத்தில் ஒரு வளையல்

ஜூன் 3, திங்கள்

நகைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஐந்து மாதமாக அரிசி டப்பாவின் மேல் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். இந்த வீட்டில் நடப்பதற்கெல்லாம் ஒரு சாட்சி வேண்டும்.

என் வீட்டுக்காரர் லூர்து, துறைமுகத்தில் கிரேன் இரைச்சலுக்கு மேல் சத்தம் போட்டே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு, இந்த ஒரு வருடமாக மனிதர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். காலையில் ஏதோ சொன்னார். வாயைத் திறந்து பேசுங்கள் என்றேன். மறுபடியும் உதடு அசைந்தது. மூன்றாவது முறை, "காப்பில சீனி இல்லட்டீ!" என்று எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும் அளவுக்குக் கத்தினார். இதை முதலிலேயே செய்திருந்தால் என்ன?

காலிங் பெல்லும் கெட்டுவிட்டது. சிலிண்டர்காரர் நாலு தடவை அடித்தாராம். எலக்ட்ரீஷியன் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "பெல்லு நல்லாத்தான இருக்கு" என்று சொல்லி, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். மஸ்கட்டிலிருந்து மகன் பேசினால் பாதிதான் வருகிறது. எண்ணெய் தோண்டத் தெரிந்த நாட்டுக்கு ஒரு டவர் ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வெரோனா வருகிறாள்! ஜூலை 20, சனிக்கிழமை மாலை ஐந்தரை, நம் தூத்துக்குடியிலேயே, ஒரு கல்லூரிக் கலையரங்கில். என் தோழி கிளாடிஸ் மூன்றாவது வரிசையில் இரண்டு சீட்டு வாங்கிவிட்டாள். போஸ்டரில் வெரோனாவுக்கு முப்பது வயது. உண்மையில் அறுபத்தெட்டு. போஸ்டர் அடித்தவருக்கு நல்ல மனது.

ஜூன் 5, புதன்

டைரியை யாராவது எடுத்துப் படித்தால் வெரோனா யார் என்று தெரியாமல் திண்டாடக் கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1986. நான் தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். யாராவது வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்டால் இணைப்புப் போட்டுக் கொடுக்கிற வேலை. கோவில்பட்டி எக்ஸ்சேஞ்ச் போர்டில் கிளாடிஸ். இரண்டு வருடம் தினமும் பேசினோம், முகம் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே சாப்பிட்டுத் தூங்கிய நேரம், "ஏட்டி அமலா, லைன வச்சிராத, ஒண்ணு கேளு" என்று சொல்லி, டேப் ரெக்கார்டர் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டாள். இலாகாவுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் மெமோ கிடைத்திருக்கும்.

வந்த பாட்டு 'கப்பல் பெயர் கேட்காதே'. கேசட் பெயர் 'வெரோனா பாகம் ஒன்று'. பாகம் இரண்டு வரவே இல்லை. சினிமாவில் பாடாமல், கிட்டாரும் டிரம்பெட்டும் வைத்துக்கொண்டு தமிழில் பாப் பாடிய பெண்ணை அந்தக் காலத்தில் நூறு பேர் ரசித்திருந்தால் அதிகம். அந்த நூறில் நாங்கள் முதல் இரண்டு.

பாட்டு முடிந்ததும் கிளாடிஸ், "ரெண்டாவது சரணத்துல 'கிளிங்'னு ஒரு இரைச்சல், லைன்ல ஏதோ கோளாறு" என்றாள். கோளாறு இல்லை என்றேன். அது கண்ணாடி வளையல். பாடும்போது கையைத் தூக்கியிருக்கிறாள், ஒன்றோடொன்று இடித்திருக்கிறது, ரிக்கார்டிங்கில் யாரும் கவனிக்கவில்லை. கிளாடிசுக்கு அது வளையல் என்று புரிய இரண்டு வாரம் ஆனது. எனக்கு ஒரே தடவை. முப்பத்தேழு வருடம் ஹெட்செட் மாட்டிய காது இது. லைனில் மூச்சு விடாமல் ஒருவர் நின்றாலும், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன் லூர்துவிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, வெரோனாவைத் தெரியுமா என்பது. "எந்த ஊர்க் கப்பல்?" என்றார். இருந்தும் கட்டிக்கொண்டேன். பிரசவத்துக்குப் போகும்போது பையில் அந்தக் கேசட் இருந்தது. அப்பா இறந்த வாரத்திலும் அதைத்தான் கேட்டேன். ஜெபமாலை ஒரு கையில், இது ஒரு கையில். மாதா கோபித்துக்கொள்ளவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அநியாயம் நடந்திருக்கிறது.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. 'வெரோனா ரசிகர்கள் (உலக அளவு)' என்று பெயர். உலக அளவில் பதினோரு பேர். அதில் ஏழு பேர் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வதற்காகவே பிறந்தவர்கள். வெரோனா வருகிற சந்தோஷத்தில் கிளாடிஸ் தன் பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை எல்லாம் சுத்தம் செய்து, இன்று குழுவில் போட்டாள். சுத்தம் செய்கிறேன் என்று வளையலையும் துடைத்து எடுத்துவிட்டாள்.

நாலு தடவை கேட்டேன். இரண்டாம் சரணம், மூன்றாவது வரி முடிந்து டிரம்பெட் ஆரம்பிப்பதற்கு முன். அந்த இடம் காலி.

அவளுக்குத்தான் அது முதலிலிருந்தே இரைச்சல் ஆயிற்றே.

ஜூன் 10, திங்கள்

குழுவில் மரியாதையாகத்தான் எழுதினேன். "அன்புத் தோழி கிளாடிஸ், பாட்டை வெள்ளாவி வைத்து வெளுத்ததற்கு நன்றி. வளையலையும் சேர்த்து வெளுத்துவிட்டீர்கள். சமையலறையில் காட்டும் கைவரிசையைப் பாட்டில் காட்ட வேண்டாம்."

கிளாடிஸ் உடனே போன் செய்தாள். நல்லவேளை, அவள் எப்போதும் உரக்கப் பேசுகிறவள்.

"ஏட்டி, நான் எதையும் வெட்டல. வளையல் இருக்குட்டி. நல்லா கேளு."

"எனக்கா கேக்கச் சொல்லித் தாரே? நான் கண்டுபிடிச்ச வளையல்ட்டி அது."

"இருக்குங்கேன். இங்க கேக்குதே."

"அப்போ நான் பொய் சொல்லுதேனா?"

"அமலா, நீ காதைக் கொண்டுபோய்க் காட்டேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். பிறகு குழுவில் இன்னும் நாலு வரி எழுதினேன். அதை இங்கே எழுத மாட்டேன். டைரிக்கும் ஒரு மானம் இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

கிளாடிஸ் குழுவை விட்டு வெளியேறினாள். உலக அளவில் இப்போது பத்துப் பேர்.

ஜூன் 16, ஞாயிறு

அவள் முகத்தில் கரி பூச ஆதாரம் திரட்டினேன். பரணில் இருந்த என் சொந்தக் கேசட், 1986-இல் வாங்கியது, எந்தக் கம்ப்யூட்டரும் தொடாதது. டேப் ரெக்கார்டரின் பெல்ட் இறுகிப்போயிருந்தது. லூர்து அதைக் கழற்றி வேறு பெல்ட் மாட்டினார். ரெண்டு மணி நேரம் ஆனது. மத்தியானம் சாளை மீன் குழம்பு, அவித்த முட்டை.

ஓடவிட்டேன். முதல் சரணம். டிரம்பெட். இரண்டாம் சரணம். மூன்றாவது வரி.

காலி.

நாடா பழசு, தேய்ந்திருக்கும். முப்பத்தெட்டு வருடம் என்றால் சும்மாவா? "பாத்தீங்களா, இதுலயும் போயிட்டு" என்றேன்.

லூர்து என்னைப் பார்த்தார். பிறகு, எனக்கு எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகச் சொன்னார்.

"இருக்கேட்டி. கிளிங்னு. இப்பதான போச்சு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் வெரோனாவின் ஒரு வரியைக்கூடக் கவனித்ததில்லை. கப்பல் என்று நினைத்தவர். அவருக்குக் கேட்கிறது.

இரண்டு முட்டை மிச்சம். ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

சாம்பார். உப்பு சரியாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 24, திங்கள்

லூர்து தனக்குக் காது அடைப்பு என்று என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சீட்டில் என் பெயர். இந்தத் திறமையைத் துறைமுகத்தில் காட்டியிருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

காது சோதிக்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பெயர் அனிஷ்மா. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் என்னை உட்கார வைத்து, ஹெட்செட்டை எடுத்து, "இதை இப்படி மாட்டணும்மா" என்று காட்டினாள். எனக்கு! சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டுமாம்.

அமுக்கினேன். கேட்டபோதும் அமுக்கினேன். கேட்காதபோதும் அமுக்கினேன். கண்ணாடி வழியாக அவள் தோள் தெரிந்தது. சத்தம் அனுப்பும்போது தோள் லேசாக அசையும். போர்டில் சூப்பர்வைசர் வருவதைத் தலை திருப்பாமலே கண்டுபிடித்தவளுக்கு இது பெரிய வேலையா?

வெளியே வந்ததும் அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இந்த ரிசல்ட்படி உங்களுக்கு வௌவாலை விட நல்ல காது."

"அப்போ நான் கிளம்புதேன்."

"நாற்காலியைச் சுவரைப் பாத்துப் போடுதேன். இன்னொரு தடவை வாங்கம்மா."

இன்று நேரமாகிவிட்டது, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆட்டோவில் லூர்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கவும் கூடும்.

ஜூலை 1, திங்கள்

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தாளில் ஒரு கோடு. இடது பக்கம் ஒழுங்காக ஆரம்பித்து, வலது பக்கம் போகப் போகக் கீழே சரிந்துவிட்டது. இரண்டு காதுக்கும் அப்படியே. வயதினால் வருவது, அத்தனை வருட ஹெட்செட்டும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம் என்றாள். பிறகு கோடு சரிந்த இடத்தில் பேனாவை வைத்து, "மெல்லிசா, கீச்சுனு வர்ற சத்தம்லாம் இங்கதான்மா. குருவி, சைக்கிள் மணி, கொலுசு, வளையல்" என்றாள்.

வளையலைப் பற்றி நான் அவளிடம் எதுவுமே சொல்லவில்லை.

"மெஷின் மாட்டினா திரும்ப வந்துருமா?"

"பேச்சு நல்லா தெளிவா வரும். கடைசில இருக்க இந்த இடம் மட்டும் வராதும்மா. வரும்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

ஒரு பொய் சொல்லியிருந்தால்தான் என்னவாம்?

ஜூலை 8, திங்கள்

மெஷின் வந்துவிட்டது. காதின் பின்னால் உட்கார்ந்து, ஒரு குமிழால் காது ஓட்டையை அடைத்துக்கொள்கிறது, தோல் நிறத்தில். யாருடைய தோல் என்று தெரியவில்லை, இந்த நிறத்தில் தூத்துக்குடியில் யாரும் இல்லை. போன் பேசும்போது ரிசீவரைக் காது ஓட்டையில் வைக்காமல் கொஞ்சம் மேலே, மெஷின் பக்கம் பிடிக்க வேண்டும் என்றாள் அனிஷ்மா. எனக்கு ரிசீவர் பிடிக்கக் கற்றுத் தருகிறாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இவ்வளவு சத்தமா? ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விடுகிறது. மாடியில் யாரோ நாற்காலி இழுத்தே காலத்தை ஓட்டுகிறார்கள். லூர்து முறுக்குத் தின்றால் வீடு இடிபடுகிற மாதிரி இருக்கிறது. காலிங் பெல் அடித்தது. எழுந்து போய்த் திறந்தேன். வாசலில் லூர்து நின்றுகொண்டிருந்தார். சும்மா அடித்துப் பார்த்தாராம். கிழவருக்கு அவ்வளவு சிரிப்பு.

அவர் முணுமுணுக்கவில்லை. ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. ஒரு வருடமாக என்னிடம் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மத்தியானம் அவர் தூங்கிய பிறகு, கிளாடிஸ் ஏற்றிய பாட்டைக் கேட்டேன். வெரோனாவின் குரல் இத்தனை தெளிவாகக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! மூன்றாவது வரி முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வரவில்லை. அனிஷ்மா நேர்மையான பெண்.

அழுதேன். அறுபத்து நாலு வயதில் ஒரு வளையலுக்காக அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. அது என்னுடையது. அந்தப் பாட்டில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. எனக்கு அந்த ஒரு சத்தம். அதைக் காப்பாற்றி வைத்திருந்தவளைத்தான் பத்துப் பேர் முன்னால் திருடி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

குழுவில் எழுதினேன். "வளையல் இருக்கிறது. காது இல்லை. கிளாடிசிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." பதில்: மூன்று ரோஜாப்பூ, ஒரு காலை வணக்கம். கேட்க வேண்டியவள் குழுவில் இல்லை.

ஜூலை 13, சனி

இன்னும் ஏழு நாள். டிக்கெட் இரண்டும் கிளாடிசிடம். "வேற டிக்கெட் வாங்கிருவோமா?" என்றார் லூர்து. வேண்டாம் என்றேன். அவள் இல்லாமல் வெரோனாவைப் பார்த்ததே இல்லை. 1989-இல் திருநெல்வேலிக்கு வெரோனா வந்தபோதுதான் நாங்கள் முதல்முதலாக நேரில் சந்தித்தோம். கூட்டத்தில் குரலை வைத்தே அவளைப் பிடித்தேன்.

கிளாடிஸ் வீட்டு லேண்ட்லைனுக்குப் போட்டேன். எடுத்தாள். எடுத்த சத்தம் வந்தது.

"ட்ரங்க் கால். தூத்துக்குடி லைன்ல இருக்கு. பேசுதீங்களா, வைக்கீங்களா?"

ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஆள் நிற்கிறதா, வைத்துவிட்டுப் போய்விட்டதா? இந்தக் கேள்வி எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. அப்படியே சொல்லத் தொடங்கினேன். வளையல் போனதை, சுவரைப் பார்த்து உட்கார்ந்ததை, லூர்துவுக்குக் கேட்டதை, எல்லாவற்றையும். "நீ வெட்டலட்டி. நான்தான் செவிடு. என்னை மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டு நின்றேன். பதில் இல்லை. மெதுவாக வைத்தேன். மெஷினைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 19, வெள்ளி

நீலப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டேன். சும்மாதான். சுருக்கமாக இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று ஐந்து மணிக்கு லூர்து ஸ்கூட்டரை எடுத்தார். "டிக்கெட் இல்லாம எங்க?" என்றேன். "வாசல்ல நின்னு கேப்போம், உனக்குத்தான் இப்போ மெஷின் இருக்குல்லா" என்றார்.

கல்லூரி வாசலில் ஒரே நரைத்த தலைகள். அந்த நூறு பேரும் உயிரோடு வந்து, துணைக்கு எழுநூறு பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்குவதற்குள் என் தோளில் ஒரு அடி விழுந்தது.

"ஏட்டி செவிடி! எவ்வளவு நேரமா கூப்பிடுதேன்!"

கிளாடிஸ். கையில் இரண்டு டிக்கெட்.

"போன்ல ஒண்ணும் பேசலையே நீ" என்றேன்.

"நானா பேசல? வாய் வலிக்கப் பேசினேன், அழுதேன், ஒப்பாரிதான் வைக்கல. நீ பாட்டுக்கு டக்குனு வச்சிட்டுப் போயிட்டே. திரும்ப அடிச்சா எடுக்கவும் இல்ல. போனை எங்கட்டி வச்சுக் கேட்டே?"

காது ஓட்டையில். முப்பத்தேழு வருடப் பழக்கம். மெஷின் மேலே இருக்க, நான் ரிசீவரைக் கீழே பிடித்துக்கொண்டு, ஒரு கிழவியின் அழுகையை முழுதாகத் தவறவிட்டிருக்கிறேன். கிளாடிஸ் வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள். லூர்து எங்கள் இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

வெரோனா வந்தாள். போஸ்டருக்கும் அவளுக்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. முட்டி வலி போல, ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடினாள். பாட்டுக்குப் பாட்டு வெந்நீர் குடித்தாள். குரல் ஒரு மாடி இறங்கியிருந்தது. டிரம்பெட்டுக்குப் பதிலாகக் கீபோர்டில் ஏதோ ஒன்றை அமுக்கினார்கள், சைக்கிள் பம்பு அடிப்பது போல் வந்தது. இத்தனையும் குறை சொல்லிக்கொண்டே நான் சந்தோஷமாக இருந்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

கடைசிப் பாட்டு 'கப்பல் பெயர் கேட்காதே'. முதல் சரணம் முடிந்தது. நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெரோனாவின் ஒரு கையில் மைக், இன்னொரு கையில் வெறும் வாட்ச். வளையலே இல்லை. எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் அந்த இடம் எல்லாருக்குமே காலியாகத்தான் இருக்கப் போகிறது.

கிளாடிஸ் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கையில் இரண்டு கண்ணாடி வளையல். எப்போதும் தங்கம்தான் போடுவாள், நேற்று ஏனோ கண்ணாடி. மூன்றாவது வரி முடியும்போது, என் மணிக்கட்டில் அவற்றால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். சில்லென்று இருந்தது.

தட்டிவிட்டு, சரியா என்பது போல் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன்.

சரியில்லை. வரி முடிவதற்குள்ளேயே, கொஞ்சம் முந்தித் தட்டிவிட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் தப்பை அவளிடம் சொல்லாமல் விட்டேன்.